இரண்டோடு ஏன் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயர் ஸ்பின் (ஸ்பின் என்பது துகளுக்கு இயல்பாகவே உள்ள சுழற்சியின் அளவு) புலங்களை ஆராயும் கோட்பாட்டு இயற்பியலாளர் ஒருவரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளைத் தொட்டதே பெரிய விஷயம். ஆனால் ‘புதிய துகள்களைத் தேடும் முயற்சி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சுவாரஸ்யமே அதற்கு அப்புறம்தான்.

ஹிக்ஸ் துகளுக்கு ஸ்பின் 0, எலெக்ட்ரானுக்கு அரை, ஒளித்துகளுக்கு 1. ஈர்ப்புக்கென்று ஒரு துகள் இருந்தால் அதற்கு 2. அடிப்படைத் துகள்களில் 3, 4 என்று ஏன் போகவில்லை?

எழுதிப் பார்க்கத் தடையில்லை. ஒளி ஒரு குறுக்கலை என்று ப்ளஸ் டூவில் படிக்கிறோம். குறுக்கே அதிர இரண்டு வழிகள்தான். ஆனால் மின்காந்தப் புலத்தைச் சமன்பாட்டில் எழுதினால் 4 கூறுகள் வந்து நிற்கும். மிகுதியைக் கழித்துத் தருவது கேஜ் சமச்சீர்மை, அதாவது புலத்தை எழுதும் விதத்தை மாற்றினாலும் இயற்பியல் மாறாது என்ற விதி: 4 − 2. ஈர்ப்புப் புலத்துக்கு 10 − 8. ஸ்பின் 3-க்கு, இயற்பியலாளர் ஃபிரான்ஸ்டால் 1978-இல் காட்டிய வழியில், 20 − 18. எப்போதும் இரண்டே மிஞ்சும். இதை வகுப்பில் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து “அப்போ 4-க்கு என்ன சார்?” என்று குரல் வரும். 34 − 32 என்று எழுதினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

அந்தப் புலத்தை மற்றப் பொருள்களோடு சேர்க்கும்போதுதான் சிக்கல். 1964-இல் இயற்பியலாளர் வெயின்பெர்க் காட்டியது இது: நிறையற்ற துகளின் ஸ்பின் 1 என்றால் மின்னூட்டம் அழியக் கூடாது, 2 என்றால் ஈர்ப்பு எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும், 3-ம் அதற்கு மேலும் என்றால் நெடுந்தொலைவு விசைக்கே இடமில்லை. பொருள்கள் ஒரே வேகத்தில் விழுவதற்கான காரணம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது! பிறகு வசிலியேவ் என்ற இயற்பியலாளர், வளைந்த வெளியில் எல்லா ஸ்பின்களையும் முடிவில்லாமல் ஒன்றாகச் சேர்த்தால் சமன்பாடுகள் ஒத்துவருகின்றன என்று காட்டினார். அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது.

கட்டுரையில் நம்மவர்களைக் காணாதது எனக்கு வருத்தம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன், கென்னத் ஜான்சனுடன் சேர்ந்து 1961-இலேயே, ஸ்பின் 3/2 புலத்தை மின்காந்தப் புலத்தில் வைத்தால் குவாண்டம் விதிகள் முரண்படுவதைக் காட்டிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எம். மாத்யூஸும் அவருடன் இருந்தவர்களும் இதே உயர் ஸ்பின் சமன்பாடுகளில் உழைத்தார்கள். இதைப் படிக்கும் பிள்ளைக்கு, இது யாரோ எங்கோ செய்யும் வேலை என்று தோன்றாது.

எங்கள் நெல்லைப் பக்கத்தில் இயற்பியல் என்றால் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி ராக்கெட் மையமும்தான் கண்ணில் படுகின்றன. இரண்டும் வேண்டியவையே. ஆனால் தாளும் பேனாவும் கொண்டு செய்யும் இயற்பியலும் இருக்கிறது என்று அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ இருக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது? கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில் மாதம் ஒரு மாலை, அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கொண்டு தமிழில் பேச ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்களும் இந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதியை, கணக்கைத் தவிர்க்காமல், வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
பாளையங்கோட்டை.