ஒரு வேலைக்குள் எத்தனை வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு முடிவுகள் வரும் நேரத்தில் 'ஏஐ விழுங்கப்போகும் பத்து வேலைகள்', 'ஏஐ தொட முடியாத பத்து வேலைகள்' என்று பட்டியல்கள் வந்து குவிகின்றன. பிள்ளைகளும் பெற்றோரும் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு வருடப் படிப்பையும் அதற்கு வாங்கும் கடனையும் அந்தப் பட்டியலை நம்பி முடிவுசெய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரேயும் ஆஸ்போர்னும் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரங்களிடம் போகும் அபாயம் அதிகம் என்றார்கள். 2016-ல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்புக்காக நடந்த ஆய்வு, 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம்தான் என்றது. மூன்று வருடத்தில் உலகம் அவ்வளவு மாறிவிடவில்லை; அளந்த விதம்தான் மாறியது. முதல் ஆய்வு தொழிலை மொத்தமாக எடைபோட்டது. இரண்டாவது ஆய்வு, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் என்னென்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது.

அதே 2016-ல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன், ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து வருடத்தில், மிஞ்சிப்போனால் பத்தில், கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த மருத்துவர்களின் தேவை இன்றும் குறையவில்லை. படம் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்வது, அறுவைச் சிகிச்சை மருத்துவரோடு பேசுவது, ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசி செலுத்திப் பரிசோதனைக்குச் சதை எடுப்பது, அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது எல்லாம் அதே வேலைக்குள்தான் இருக்கின்றன.

ஆகவே, வேலையின் பெயரை ஒதுக்கிவிட்டு அதற்குள் இருக்கும் மணிநேரங்களை எண்ணுங்கள். நீங்கள் போக நினைக்கும் வேலையில் இருக்கும் மூன்று பேரைப் பிடியுங்கள். ஒருவராவது சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவராக இருக்கட்டும். 20 வருட அனுபவசாலி தன் இன்றைய வேலையைத்தான் சொல்வார். நீங்கள் போய் உட்காரப்போவது வேறு நாற்காலி. "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு முடிந்துவிடும். "போன திங்கட்கிழமை காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று தொடங்கி, வாரக் கடைசிவரை மணிக்கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கேள்விகள். இதற்கு வேண்டிய விவரமெல்லாம் திரையிலேயே கிடைக்கிறதா, அல்லது யாராவது நேரில் போய்ப் பார்த்து, தொட்டு, விசாரிக்க வேண்டுமா? தப்பு நடந்தால் உடனே தெரிந்து சுலபமாகத் திருத்திவிடலாமா, மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியுமா? கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கணக்குப் பிரிவில் ஒரு வாரம் 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பில் பதிவு 15, வங்கி ஸ்டேட்மென்டைப் பேரேட்டோடு ஒத்துப்பார்ப்பது 8, ஒத்துப்போகாதவற்றைத் துரத்துவது 7, தணிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும் பதில் சொல்வது 6, வரித் தாக்கல் 4. முதல் இரண்டும், அதாவது 23 மணி நேரமும், திரையிலேயே நடப்பவை. தப்பும் சீக்கிரம் தெரிந்துவிடும். அவை பெரும்பாலும் ஏஐயிடம் கைமாறிவிடும். அடுத்த 7 மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் இரண்டு பில்லுக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பியிருப்பார். அதிலும் சேதமான சரக்குக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டிருப்பார். பிடித்தது நியாயமா என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. கிடங்கில் சரக்கை இறக்கியவருக்குத்தான் தெரியும். அவரைக் கூப்பிட்டுக் கேட்டு, வாடிக்கையாளர் மனம் நோகாமல் பேசி முடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்குப் பெரிய கவலையே இதுதான். கைமாறிப் போகும் அந்த 23 மணி நேரத்தில்தான் புதியவர் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். ஆயிரம் பில் பார்த்த கண்ணுக்குத்தான் தப்பான பில் உறுத்தும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கின்படி, ஏஐயின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதனால் நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, "புதிதாகச் சேருபவரின் வேலையை யார் சரிபார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் சம்பளம் கூடுதலாக இருந்தாலும் யோசியுங்கள்.

கற்றுக்கொள்வதில் வரிசை முக்கியம். முதல் சில மாதங்களாவது வேலையை முதலில் நீங்களே செய்து முடியுங்கள். அப்புறம் ஏஐயிடம் கொடுத்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று குறியுங்கள். எது சரி என்பதை மூல ஆவணத்தில் தேடுங்கள். விடையை முதலில் பார்த்துவிட்டால் கண் அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். சந்தேகம் வந்தபோது அந்தத் தீர்ப்பு உண்மைதானா என்று அதே சாட்ஜிபிடியிடமே கேட்டு, அது சொன்னதை நம்பினார். அபராதம் 5,000 டாலர்.

மணிக்கணக்கு மட்டும் போதாது. அந்தச் சேவையே இனியும் தேவைப்படுமா என்றும் பார்க்க வேண்டும். ஏடிஎம் வந்த பிறகு, 1988-ல் அமெரிக்க நகர்ப்புற வங்கிக் கிளையில் சராசரியாக 20 காசாளர்கள் இருந்தது 2004-ல் 13 ஆனது. ஆனாலும் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் பெருகின. காசாளர் கூட்டம் கரைந்துவிடவில்லை. கைப்பேசியிலேயே வங்கி வந்து கிளைக்கே போக வேண்டாம் என்றான பிறகுதான் அந்த வேலைகள் சரியத் தொடங்கின.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்விக் கடனின் தவணையை, நீங்கள் ஆசைப்படும் வேலையின் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். அது கிடைக்காவிட்டால் போகக்கூடிய வேலையின் தொடக்கச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். சம்பளம் வந்ததும் ஆறு மாதச் செலவை ஒதுக்கும்வரை மாதாந்தரச் செலவைக் கூட்டாதீர்கள். கையில் ஆறு மாதம் இருப்பவர் அடுத்த வேலையை நிதானமாகத் தேடுவார். இல்லாதவர் முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்வார். ஏஐ செய்திகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தாராளம். இரவெல்லாம் அவற்றைப் படித்துத் தூக்கம் கெட்ட பிள்ளையால் மறுநாள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில் வழிகாட்டிப் பக்கத்தில் இந்தப் பட்டியல்களுக்குப் பதிலாக, இதழுக்கு ஒரு வேலை என்று எடுத்து, அதில் இரண்டாம் வருடத்தில் இருக்கும் ஒருவரின் ஒரு வார மணிக்கணக்கைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிடுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே வேலையை மறுபடி எடுத்து, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்