மவுண்ட் ஹோலியோக் கல்லூரியின் அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நிறுவனர் நாளன்று விடியற்காலையில், கல்லூரியை நிறுவிய மேரி லயனின் கல்லறையருகே கூடி ஐஸ்கிரீம் உண்ணும் வழக்கம் உங்கள் கல்லூரியில் இருக்கிறது. இனிமையான வழக்கம், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மையார் போட்ட வரவு செலவுக் கணக்கும் அன்று மாணவியரின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

1837 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சவுத் ஹாட்லியில், பெண்களுக்கான உயர்கல்விப் பள்ளியாக, அதாவது ‘செமினரி’யாக, சுமார் 80 பெண்களுடன் உங்கள் கல்லூரி திறக்கப்பட்டபோது, படிப்புக்கும் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்து ஆண்டுக் கட்டணம் 60 டாலர். விறகுக்கும் விளக்குக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். வசதியான வீட்டுப் பெண்கள் படித்த பிற பள்ளிகளோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. வேலையாட்களை வைக்காமல், சமையல், ரொட்டி சுடுதல், துணி துவைத்தல், கூட்டிப் பெருக்குதல் ஆகியவற்றை மாணவியரே நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பங்கிட்டுச் செய்ததால்தான் இத்தொகை கட்டுப்படியானது. வீட்டு வேலை கற்றுத் தருவது தமது நோக்கமே அல்ல, அது தாய்மார்களின் பொறுப்பு என்று லயன் தெளிவாகவே சொல்லியிருந்தார். இருந்தும் அதைச் சமையல் பயிற்சி என்று எண்ணியவர்கள் அன்றே பலர் இருந்தார்கள்.

அந்த வாழ்க்கையை உள்ளிருந்து காட்டும் சான்று, பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரான எமிலி டிக்கின்சன், 1847 நவம்பரில் அங்கே படித்த 16 வயது மாணவியாகத் தன் தோழிக்கு எழுதிய கடிதம். ஆறு மணிக்கு எழுந்து, ஏழு மணிக்குக் காலை உணவு உண்டு, எட்டு மணிக்குப் படிக்க அமர்ந்து, ஒன்பதுக்கு வழிபாட்டுக்குப் போய், பிறகு பண்டைய வரலாற்றுப் பாடத்தை ஒப்பித்து, நண்பகலில் உடற்பயிற்சியும் பிற்பகலில் பாட்டும் பியானோவுமாக நகரும் அந்த நாளில், அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை கத்திகள். காலையிலும் மதியத்திலும் முதல் வரிசை மேசைகளின் கத்திகளை எடுத்துச் செல்ல வேண்டும். இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைக்க வேண்டும். அதைப் பற்றி அவள் முணுமுணுக்கவில்லை. மாலையில் பிரிவுக் கூட்டத்தில் தாமதம், வருகையின்மை, மௌன நேரத்தில் பேசியது என்று தன் தவறுகளைத் தானே சொல்ல வேண்டியிருந்ததைத்தான் ‘இன்னும் பத்தாயிரம் விஷயங்கள்’ என்று கேலி செய்கிறாள். ஆன்மிக நிலையை வைத்து மாணவியரை, கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிட்டவர், இரட்சிப்பில் நம்பிக்கை உடையவர், நம்பிக்கை அற்றவர் என்று மூன்றாக வகைப்படுத்திய வழக்கமும் அங்கே இருந்தது. டிக்கின்சன் கடைசி வகையிலேயே இருந்து, 1848 இல் வீடு திரும்பிவிட்டார். இந்தக் கெடுபிடியைப் பூசி மெழுகி ‘ஒழுக்கம்’ என்று எழுதும் நூல்களைப் படிக்கையில் எனக்குச் சலிப்பே மிஞ்சுகிறது.

கணக்கின் மறுபாதி ஆசிரியைகளின் சம்பளம். லயன் தமக்கென எடுத்துக்கொண்டது, உணவும் இடமும் நீங்கலாக, ஆண்டுக்கு 200 டாலர். மற்ற ஆசிரியைகளுக்கும் குறைவாகவே கொடுத்தார். பெண்களின் உழைப்புக்கு இப்படிக் குறைந்த விலை வைப்பது தவறு என்று பெண்கல்விக்காகப் பாடுபட்ட கேதரின் பீச்சர் அன்றே ஆட்சேபித்தார். பீச்சர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். ஆயினும் சம்பளத்தை உயர்த்தியிருந்தால் கட்டணமும் உயர்ந்திருக்கும். சிறு விவசாயிகளின் பெண்கள் சவுத் ஹாட்லிக்கு வந்தே இருக்க மாட்டார்கள். தீர்க்க முடியாத இந்த இழுபறியைத்தான் உங்கள் மாணவியர் அறிய வேண்டும் என்கிறேன். ஓராண்டுப் படிப்புக்கு இன்று பல பத்தாயிரம் டாலர் ஆகும் கல்லூரியில், கட்டணத்தை யார் உழைப்பு தாங்குகிறது என்ற கேள்வி பழையதாகிவிடவில்லை.

முதல் கட்டடம் 1896 செப்டம்பரில் எரிந்துபோனதால், அந்தச் சமையலறையை நீங்கள் யாருக்கும் காட்ட முடியாது, கணக்கைக் காட்டலாம். ஆகவே, 60 டாலர் எப்படிக் கட்டுப்படியானது, வேலைகள் எவ்வாறு பங்கிடப்பட்டன, ஆசிரியைகள் என்ன பெற்றார்கள் என்பவற்றை, பீச்சரின் ஆட்சேபத்தையும் விடாமல், ஒரே தாளில் அச்சிட்டு நிறுவனர் நாளன்று ஒவ்வொரு மாணவியின் கையிலும் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று உணவுக்கூடங்களில் வேலை செய்பவர்களின் ஊதியமும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.

இங்ஙனம்,
பெண்கல்வி வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒரு தமிழ் வாசகன்