பொதுப் பட்டியலில் ஃபில்டர் போடும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே தன்னார்வக் குழுக்கள் கூகுள் ஷீட்ஸில் உதவிப் பட்டியல் திறந்துவிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குப் பெரிதும் கைகொடுத்த முறை அது. எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே பால் பவுடர் வேண்டும் என்று ஒரே சமயத்தில் பலர் எழுதலாம், பலர் பார்க்கலாம். பட்டியல் சில நூறு வரிசைகளைத் தாண்டியதும் ஆளாளுக்குத் தங்கள் பகுதியை மட்டும் பிரித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'டேட்டா' மெனுவில் இருக்கும் 'கிரியேட் எ ஃபில்டர்' என்ற வடிகட்டி எல்லோருக்கும் பொதுவானது. திருத்தும் அனுமதி உள்ள ஒருவர் அதில் வேளச்சேரியை மட்டும் தேர்ந்தெடுத்தால், அதே பட்டியலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் முடிச்சூர் மறைந்துவிடும். முடிச்சூர்க்காரர், பதிவை யாரோ அழித்துவிட்டதாக நினைத்து மறுபடி எழுதுவார். ஒரே வீட்டுக்கு இரண்டு படகு போவது இப்படித்தான். தலைப்புக் கட்டத்தில் தோன்றும் ஃபில்டர் குறியைத் திறந்து 'சார்ட்' (வரிசைப்படுத்தல்) அழுத்தினாலோ, எல்லோருக்கும் வரிசை மாறிவிடும்.

செய்ய வேண்டியது அதே மெனுவில் உள்ள 'கிரியேட் ஃபில்டர் வியூ'. இதைத் திறந்ததும் எண்களும் எழுத்துகளும் உள்ள ஓரப்பட்டைகள் கருமையாக மாறும். தனிப் பார்வையில் இருக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம். இங்கே வடிகட்டினாலும் வரிசைப்படுத்தினாலும் மற்றவர் திரை அசையாது. ஆனால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் அது உண்மையிலேயே திருத்தப்படும் என்பதை மறக்கக் கூடாது. பார்க்கும் அனுமதி மட்டும் உள்ளவரும் தனிப் பார்வை போடலாம். அது தற்காலிகமானது, சேமிக்க முடியாது. சேமித்த பார்வை ஒவ்வொன்றுக்கும் தனி இணைய முகவரி உண்டு. சென்னை மாநகராட்சியின் மண்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வையைப் பெயரிட்டுச் சேமித்து, அந்தந்த மண்டலக் குழுவின் வாட்ஸ்அப்பில் அதற்குரிய முகவரியை மட்டும் போட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

மீதிப் பாதி, பட்டியலிலேயே இருக்கிறது. தலைப்புக்கு ஒரே ஒரு வரிசைதான் இருக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று 'மண்டலம்' பத்தியில் மேலும் கீழுமாகக் கட்டங்களை இணைத்தால் ஃபில்டர் போடவே விடாது. நடுவில் ஒரு வெற்று வரிசை இருந்தால், தரவு அங்கேயே முடிந்துவிட்டது என்று நிரல் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள பதிவுகள் வடிகட்டலுக்கே வராது. பத்தி எழுத்துகளைப் பிடித்து முழுப் பத்திகளையும் தேர்ந்தெடுத்த பிறகு ஃபில்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழில் எழுதும் பட்டியலுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. 'சௌகார்பேட்டை' என்பதைச் சிலர் ஔகாரக் குறியோடு எழுதுவார்கள். சிலர் 'செ' போட்டுப் பக்கத்தில் ஒரு 'ள' தட்டுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் மற்றதில் உள்ளவர்கள் உதவி கிடைக்காமலே நிற்பார்கள். 'முடிந்தது', 'முடிஞ்சது', 'டன்' என்று நிலைமைப் பத்தியில் கலந்து கட்டி எழுதுவதும் இதே வகைதான். ஊர், தேவை, நிலைமை ஆகிய மூன்று பத்திகளையும் 'டேட்டா வேலிடேஷன்' மூலம் டிராப்டவுன் (சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) ஆக்கிவிடுங்கள். யாரும் தட்டச்சு செய்யவே வேண்டாம். ஏற்கெனவே எழுதப்பட்டதில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை 'டேட்டா கிளீன்அப்' பகுதியில் உள்ள 'டிரிம் ஒயிட்ஸ்பேஸ்' நீக்கிவிடும்.

தேதியிலும் கவனம் தேவை. 'ஃபைல்', 'செட்டிங்ஸ்', 'லொக்கேல்' என்று போய், எந்த நாட்டு வழக்கம் என்று பாருங்கள். அமெரிக்கா என்றிருந்தால் 05/12 என்பது மே 12 ஆகிவிடும். 13/12 தேதியாகவே ஏற்கப்படாது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அந்த நிலையில் 'இந்தத் தேதிக்குப் பிறகு' என்ற நிபந்தனை பொய் சொல்லும். முதல் பதிவு எழுதும் முன்பே இந்தியா என்று மாற்றிவிட வேண்டும். தொலைபேசி எண் பத்தியை 'பிளெயின் டெக்ஸ்ட்' ஆக்குவதும் அப்போதே. இல்லாவிட்டால் சென்னைக் குறியீடான 044-இன் முதல் பூஜ்யம் உதிர்ந்துவிடும்.

வடிகட்டிய பிறகு எத்தனை உணவுப் பொட்டலம் என்று கூட்டுபவர்கள் 'சம்' போடுகிறார்கள். அது மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். 'சப்டோட்டல்' போட்டு முதல் எண்ணாக 109 கொடுத்தால் திரையில் தெரிவதை மட்டும் கூட்டும். எண் 9 கொடுத்தாலும் ஃபில்டரில் மறைந்தவை விலகும். கையால் மறைத்த வரிசைகள் விலகாது. இன்னொன்று: ஃபில்டர் தானாக மறுபடி ஓடாது. 'தேவை' என்றிருந்தது 'முடிந்தது' ஆன பிறகும் அந்த வரிசை கண்ணெதிரே நிற்கலாம். தலைப்பில் உள்ள ஃபில்டர் குறியைத் திறந்து மீண்டும் ஓகே கொடுக்க வேண்டும்.

உடனுக்குடன் மாற வேண்டுமானால் வேறொரு தாளில் 'ஃபில்டர்' ஃபங்ஷனை எழுதலாம். அதற்குக் கீழே தாராளமாக வெற்றிடம் விடாவிட்டால் பிழைதான் வரும். மண்டலத்தை ஒரு டிராப்டவுன் கட்டத்தில் மாற்றிக்கொள்ளும்படி அமைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். பலர் கைவைக்கும் இடத்தில், தாளின் மேல் மிதக்கும் வடிகட்டிப் பொத்தானான 'ஸ்லைசர்' மேலானது: அவரவர் தேர்வு அவரவருக்கு மட்டும், அதே தாளில் அந்தத் தரவைக் காட்டும் விளக்கப்படங்களும் கூடவே மாறும்.

கடைசியாக, தங்கள் நாளிதழுக்கே ஒரு வேண்டுகோள். ஃபில்டர் எதையும் பூட்டாது. பார்க்கும் அனுமதி உள்ள எவரும், தரவிறக்கம் தடுக்கப்படாத வரை, முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். மறைந்ததாக நாம் நினைக்கும் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் அதோடு போகும். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரின் விவரங்கள்தான் இத்தகைய பட்டியலில் அதிகம். குழுக்கள் பொதுமக்களுக்கென்று வேறொரு கோப்பு திறந்து, ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை இழுக்கும் 'இம்போர்ட்ரேஞ்ச்' ஃபங்ஷன் வழியாக ஊர், தேவை, நிலைமை ஆகிய பத்திகளை மட்டும் கொண்டுவந்து, அதற்குப் பார்க்கும் அனுமதி மட்டும் தர வேண்டும். மழைக்காலத்தில் உதவிப் பட்டியல்களின் முகவரிகளைத் தாங்கள் வெளியிடும்போது, அது அந்தப் பொதுக் கோப்புதானா என்று குழுவிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தரவுப் பயிற்றுநர் ஒருவர்,
சென்னை