சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை (பொதுக்கூட்டத்துக்கு முன் படித்துவிட்டு வரவும்)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இரண்டு பக்கத்துக்குள் முடிக்கும்படி தலைவர் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

பொங்கல் விழா சமூக மன்றத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பேச்சுப் போட்டி நடந்தது. தீபாவளி விருந்தும் நடந்தது, பிரியாணி போதவில்லை. செயற்குழு ஏழு முறை கூடியது. பெரும்பாலும் நான்கு பேர், என்னையும் பொருளாளரையும் சேர்த்து.

இந்த ஆண்டு உருப்படியாக ஒன்று செய்தோம் என்றால் அது இளையர் தலைமைத்துவத் திட்டம்தான். என் யோசனை என்பதால் நானே மெச்சிக்கொள்கிறேன் என்று சிலர் நினைக்கலாம், நினைக்கட்டும். ஆறு சனிக்கிழமைகள், பதினான்கு இளையர்கள். தலைமைத்துவம் என்றதும் மைக்கைக் கையில் கொடுத்து மேடை ஏற்றுவதுதான் நம் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தன் வட்டாரத்தில் யார் என்ன விற்கிறார்கள், அவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்றே தெரியாத பிள்ளை யாருக்குத் தலைமை தாங்கப் போகிறது?

முதல் வாரம் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். நாராயண பிள்ளை 1827இல் அதை நிறுவினார் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறார்கள். ஆனால் அவர் 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்து, துணிக்கடை போட்டு, 1822இல் அந்தக் கடை தீயில் எரிந்து கடனில் மூழ்கியவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. பாதிப் பேரைக் கடன் கொடுத்தவர்களாகவும் மீதிப் பேரை நாராயண பிள்ளையாகவும் நிற்க வைத்துத் தவணை கேட்டுப் பேசச் சொன்னேன். வாசலில் அப்படியொரு சத்தம், காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுக்கும் அர்த்தம் எருமைதான், ஒன்று ஆங்கிலத்தில், மற்றது மலாயில் என்பதை ஒரு பையன் கண்டுபிடித்தான். அந்தக் காலத்து மாட்டு வியாபாரம் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய அந்த வண்ண வண்ண வீடு மிட்டாய் வியாபாரம் செய்த சீனருடையது என்றதும், லிட்டில் இந்தியாவில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அங்கே கூட்டிப் போனேன். மாலை கட்டும் அக்கா ஒருவர், விமானத்தில் வந்து இறங்கும் மல்லிகை மறுநாளைக்குள் விற்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கினார். நான் ஸ்லைடு போட்டுச் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

மூன்றாவது வாரம்தான் மானம் போனது. தம் கடைக் கணக்கைக் காட்டி வியாபாரம் சொல்லித் தருவதாக நம் உறுப்பினர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். பத்து மணிக்குப் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. பக்கத்து மாவு மில்காரர், அவர் நம் உறுப்பினர்கூட இல்லை, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு மல்லி மிளகாய் வறுக்கும் பக்குவம் முதல் கடை வாடகை வரை மறைக்காமல் சொன்னார். வழிகாட்டிகளாகப் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரில் வந்தவர்கள் மூவர். பெயர்களைப் போடவில்லை, அவரவருக்குத் தெரியும்.

சந்தா. ஆண்டுக்கு 24 வெள்ளி, மாதத்துக்கு இரண்டு வெள்ளி, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) காசு. ஏறக்குறைய பாதிப் பேர் கட்டவில்லை. அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வந்த அன்றே எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குச் சந்தா என்றால் மட்டும் கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வேலை செய்வதில்லை.

கணக்கைப் பொருளாளர் கூட்டத்தில் வாசிப்பார். சுருக்கமாக, வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், கையிருப்பு இருக்கிறது, சமாளிக்கலாம். இளையர் சாப்பாட்டுச் செலவு பற்றி முணுமுணுப்பு வந்ததால் சொல்கிறேன்: ரசீதுகள் எல்லாம் கோப்பில் உள்ளன. கோப்பு என் வீட்டில் உள்ளது.

சமூக மன்றத்துக்கும் விருந்துக்கு நன்கொடை தந்தவர்களுக்கும் நன்றி. ஆறு சனிக்கிழமை தனியாகச் சந்தைக்குப் போன என் மனைவிக்கும்.

அப்புறம் ஒரு விஷயம். போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேரவில்லை. நம் விதிப்படி அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்திவிடலாம், ஆனால் விதியைத் திருத்த மட்டும் முடியாது. ‘இளையர் உறுப்பினர்’ என்று ஒரு பிரிவு சேர்க்கும் தீர்மானம் அப்படியே கிடக்கிறது. “அங்கிள், நாங்க எப்ப சேரலாம்?” என்று கடைசி வாரம் கேட்டார்கள். சீக்கிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்று தவணை செயலாளராக இருந்தாயிற்று. யாராவது முன்வந்தால் கோப்பையும் அலமாரிச் சாவியையும் அன்றே கொடுத்துவிடுவேன். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, வழக்கமான இடம், தேநீரும் வடையும் உண்டு. அந்தப் பதினான்கு பேரையும் பார்வையாளர்களாக அழைத்திருக்கிறேன். பின்வரிசையில் உட்காருவார்கள், முன்னால் எத்தனை நாற்காலி காலி என்று அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

செயலாளர்