அம்மையின் ‘ஆமா’வும் உங்கள் கட்டுரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இசை ரசனை பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “சின்ன வயதில் கேட்ட பாட்டையே கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பது மனத்தின் சோம்பேறித்தனம்.” அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 31 வருடம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்று இரணியலில் இருக்கிறேன். உங்கள் பத்திரிகை என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

என் அம்மைக்கு 84 வயது. ஐந்து வருடமாக மறதி நோய். காலையில் கஞ்சி கொண்டுபோய் உட்கார்ந்தால், “நீ யாரு மக்ளே, எந்த வீடு?” என்று என்னையே கேட்பாள். பெற்ற பிள்ளைகள் நால்வரின் பெயரும் போய்விட்டது. போன பங்குனியில் முத்தாரம்மன் கோயில் கொடை விழா. கோயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. ராத்திரி வில்லுப்பாட்டு. வில்லில் வீசுகோல் விழுந்து மணிச் சத்தம் கேட்டதும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள். வலது கை விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டத் தொடங்கின. தலைமைப் பாடகரான அண்ணாவி ஒரு அடி பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர்கள் “ஆமா” என்றார்கள். அம்மையும் “ஆமா” என்றாள். அடுத்த அடிக்கும் அப்படியே. ஒரு இடத்தில்கூட முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. கதையில் பேய்ப் பெண் நீலி கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற இடம் வந்தபோது, நீலி பழிவாங்கத் தேடிவந்த ஆளை நினைத்து, “அவன் போயிரப்பிடாது” என்று அம்மை முணுமுணுத்தாள். கதை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். கொடைக்குக் கொடை அவர் பக்கத்தில் ஓலைப்பாயில் படுத்து வளர்ந்த பிள்ளை அவள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று எழுத உங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனசு வந்தது, ஐயா?

உங்களுக்குத் தெரியாதது அல்ல. அல்சைமர் நோயில் மூளையின் பல பகுதிகள் சிதைந்தாலும், நெடுங்கால இசை நினைவைத் தாங்கும் பகுதி மிகக் குறைவாகவே சிதைகிறது என்று 2015-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். காது பழகுவதும் மிகச் சீக்கிரமே நடந்துவிடுகிறது. எரின் ஹானன், சாண்ட்ரா டிரஹப் என்ற இருவர் 2005-இல் வட அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஆறு மாதக் குழந்தை தன் ஊர்த் தாளத்தில் வரும் பிசகைக் கண்டுபிடிப்பது போலவே, கேட்டே பழகாத, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதித் தாளத்தின் பிசகையும் கண்டுபிடித்தது. ஒரு வயதில் அந்தத் திறமை குறைந்து, தன் ஊர்த் தாளமே காதில் நின்றது. கொஞ்ச நாள் வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கவிட்டால் குழந்தைக்குத் திரும்ப வந்தது. பெரியவர்களுக்கு அப்படி வரவில்லை. அதன்பிறகு பதின்வயது. உணர்ச்சிகள் எல்லாம் புதிதாக இருக்கும் வயது, தான் யார் என்று ஒருவர் தேடுகிற வயது. அப்போது கேட்ட பாட்டு அந்த நாளோடும் ஆளோடும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பாட்டு வந்தால் நாளும் கூடவே வருகிறது.

என் மகன் 1985-இல் பிறந்தவன். அதற்கு முந்தின வருடம்தான் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில் தொடங்கியது. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே ரேடியோ இருக்கும். இன்று அவன் மஸ்கட்டில் கார் ஓட்டும்போது போடுவது அவன் வயதுப் பாட்டு பாதி, நான் கல்லூரியில் படித்தபோது கேட்ட பாட்டு பாதி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டதும் இதைத்தான்: தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டும் அவர்கள் மனதில் தங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் விளவங்கோடு பக்கத்துக்காரர். திருவனந்தபுரம் வானொலி கேட்டு வளர்ந்தவர், இன்றும் மலையாளப் பாட்டு கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சில வருடங்களுக்கு முன் உங்கள் இதழில் இப்படிப்பட்டவர்களைத் தாய்மொழிப் பற்றில்லாதவர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது? வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசாத மனுஷர் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனார். அப்போதே கடிதம் போட்டேன். வெளிவரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் உடுக்கை அடிப்பவரின் படத்தைப் போட்டு அடியில் ‘பம்பை’ என்று அச்சிட்டீர்கள். அதற்கும் எழுதினேன். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி இருக்கிற மாவட்டத்துக்கு வரும் பதிப்பில், உடுக்கைக்கும் பம்பைக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர்கூட இல்லையா?

நான் வேலைபார்த்த ஒரு பள்ளியில் ஒன்பது பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் வில்லுப்பாட்டு பழக்கினேன். ஆண்டுவிழா அன்று நேரம் இல்லை என்று கடைசி நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். சினிமா ஆட்டம் ஆறு இருந்தது, அதற்கு நேரம் இருந்தது. குடம் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை மேடைக்குப் பின்னால் அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொடைகளிலும் இப்போது இதே கதை. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை வரை நடந்த வில்லுப்பாட்டை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகள் காதில் விழாத பாட்டு எழுபது வயதில் அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

நான் கேட்பது ஒன்றுதான். மறுப்பு வேண்டாம், வருத்தம் தெரிவிப்பதும் வேண்டாம். உங்கள் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கொடை விழாக்களுக்கு “இரவு கலைநிகழ்ச்சி” என்று மட்டும் போடுகிறீர்கள். வில்லுப்பாட்டு இருந்தால், எத்தனை மணிக்கு, எந்தக் குழு, என்ன கதை என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வருகிற சித்திரையில் பக்கத்து ஊர்களில் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால், அம்மையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்காரவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.