செம்புக் குண்டும் ஒரு தளர்ந்த திருகும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகளின் வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. பட்டறைக்குப் புது லேத் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கோடை முழுக்க என் பாடு ரைபிளோடுதான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தில் இருக்கும் ஈயத்துணுக்கைத் தின்று காண்டோர் என்னும் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. 1982இல் உலகத்திலேயே இருபத்திரண்டுதான் மிச்சம். நம் மோயாற்றுப் பாறுக் கழுகுகளுக்கு மாட்டு ஊசி மருந்து டைக்ளோஃபெனாக் எமனாக வந்ததே, அதே கதைதான். எனக்குச் சட்டத்தின் மேல் கோபமில்லை. கோபமெல்லாம் செம்புக் குண்டின் மேல்.

தோட்டாவை நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். என் .308 ரைபிளில் 150 கிரெயின் (குண்டை நிறுக்கும் அளவு) எடையுள்ள ஈயக் குண்டு நூறு கஜத்தில் ஐந்து வெடியை ஓர் அங்குலத்துக்குள் வைக்கும். அதே எடைச் செம்புக் குண்டு நாலு அங்குலத்துக்குச் சிதறியது. காட்டுப் பன்றியைக் குறிவைத்தால் பக்கத்து மரத்துக்குத்தான் ஆபத்து.

முதலில் குழலின் மரையை, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டியிருக்கும் திருகுப் பள்ளத்தை, சந்தேகித்தேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்புக்கு 8.9. ஆகவே ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேண்டுமானால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் 1879இலேயே இதற்குச் சூத்திரம் போட்டுவிட்டார். என் குழலோ 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மெதுவான ரகம். ஆனால் காகிதத்தில் விழுந்த ஓட்டைகள் எல்லாம் வட்டம். குண்டு தள்ளாடியிருந்தால் ஒன்றிரண்டாவது பக்கவாட்டில் கிழித்திருக்கும். அந்தச் சந்தேகம் போயிற்று.

அடுத்து குழலின் அழுக்கு. செம்பு கரைக்கும் திரவத்தில் நனைத்துத் துடைத்தால் துணி மயில்கழுத்து நீலத்தில் வந்தது. வெள்ளையாக வரும்வரை இரண்டு இரவு துடைத்தேன். நாலு அங்குலம் மூன்றரை ஆயிற்று, அவ்வளவுதான்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். குண்டு, வெடிமருந்து, பித்தளைக் கூடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தேன், பிறகு கோளாறு எதில் என்று எப்படித் தெரியும்? மருந்தை மட்டும் அந்தச் செம்புக் குண்டுக்கென்று கையேட்டில் போட்டிருந்த குறைந்த அளவிலிருந்து தொடங்கினேன். நீளக் குண்டு கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும், ஈயக் குண்டின் கணக்கை அதற்குப் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். அந்த விஷயத்தில் விளையாட்டு இல்லை.

ஒருநாள் அலமாரியில் பழைய ஈயத் தோட்டா பத்து கிடந்தது. அட்டையில் சுடத் தடை இல்லையே என்று சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். அதுவும் மூன்று அங்குலம்! அப்போதுதான் புத்தி வந்தது. குற்றவாளி குண்டே இல்லை. ரைபிளை மரக்கட்டையோடு பிடித்திருக்கும் முன் திருகு அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. முறுக்கியதும் மிச்சமிருந்த ஐந்து ஈயத் தோட்டாவும் பழையபடி ஒன்றாக விழுந்தன. இதை முதல் நாளே சுட்டுப் பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சம். நீ பட்டறையில் எந்த எந்திரம் கோளாறு செய்தாலும் முதலில் நட்டு போல்ட்டைத்தான் தொட்டுப் பார்ப்பாய், எனக்கு அது தோன்றவில்லை பார்.

செம்பு இப்போது இரண்டரைக்கு வந்தது. மீதிக் கோளாறு நான் குண்டைக் கூட்டுக்குள் உட்கார வைத்த ஆழத்தில். தோட்டாவின் மொத்த நீளத்தைப் பழைய அளவிலேயே வைத்திருந்தேன். ஆனால் இரண்டு குண்டுக்கும் மூக்கின் வளைவு வேறு. நுனிவரை அளந்தால் நீளம் ஒன்றாக இருக்கும், மரையைத் தொடும் தோள் மட்டும் வேறெங்கோ நிற்கும். செம்புக்கு மரையைத் தொடுமுன் கொஞ்சம் ஓட இடம் வேண்டும். 0.05 அங்குலம் விட்டுத் தொடங்கி, நூறில் ஒரு பங்கு அங்குலமாக உள்ளே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் ஒன்றேகால் அங்குலம் வந்தது. மறுவாரமும் ஐந்தைந்தாக இரண்டு முறை சுட்டேன், அதே ஒன்றேகால். பன்றிக்கு இது போதும்.

சரி, உன் லேத்துக்கு வேலை. அந்தத் தோளை அளக்க ரேஞ்சில் ஒருவரிடம் ஒரு வளையம் இரவல் வாங்கியிருக்கிறேன். நடுவில் 7.62 மில்லிமீட்டர் துளை, வெர்னியரின் தாடையில் மாட்டும்படி ஒரு பள்ளம், அவ்வளவுதான். எஃகில் ஒன்று கடைந்து கொடு. டிசம்பரில் தங்கை மகன் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு. துளையின் விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
ராஜு