அப்ப எனக்கு எது வரும்ப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மும்பை செம்பூர்ல இருக்கேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். துறைமுகத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். பேர் போட வேண்டாம்னு கீழ எழுதியிருக்கேன், வெட்கப்பட்டு இல்ல. என் மகள் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லல, அது அவ சொல்ல வேண்டிய விஷயம். இந்த லெட்டரை அவ படிச்சு, ரெண்டு வரி வேண்டாம்னு எடுத்துட்டு, அனுப்புங்கப்பான்னு சொன்ன பிறகுதான் போஸ்ட் பண்றேன்.

அவ 1998-ல பிறந்தா, டோனர் மூலமா, அதாவது பேர் தெரியாத வேற ஒருத்தர் கொடுத்த விந்தணுவால. எனக்கு விந்தணு சுத்தமா இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு, ஒண்ணு ரெண்டு கம்மின்னு இல்ல, ஜீரோ. அதை டாக்டர் சொன்ன அன்னைக்கு நானும் என் வீட்டம்மாவும் தாதர்ல இருந்து வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அதுக்கு முன்னாடி ஏழு வருஷமா ஊர்ல அவளைத்தான் மலடின்னு சொன்னாங்க, என் அக்கா வீட்டு வளைகாப்புல எல்லாரும் வளையல் போட்டப்ப அவளை மட்டும் சமையல்கட்டுல உக்கார வச்சாங்க. குறை எனக்குன்னு ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகும் நான் ஊர்ல வாயைத் திறக்கல. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கல. இதை இப்பவாவது எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு.

அந்தக் காலத்துல மும்பையில இருக்குறதே எங்களுக்குப் பெரிய தெம்பா இருந்துச்சு. 1986-ல பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில டாக்டர் இந்திரா ஹிந்துஜா டீம் டெஸ்ட் ட்யூப் பேபி பிறக்க வச்சு ஊரே கொண்டாடுன சேதியெல்லாம் ஞாபகம் இருந்துச்சு (கல்கத்தாவுல டாக்டர் சுபாஷ் முகர்ஜி 1978-லயே செஞ்சிருந்தாரு, அவரை அன்னைக்கு யாரும் நம்பல, பாவம்). எங்களுக்கு அவ்வளவு பெரிய ட்ரீட்மென்ட் தேவைப்படல, டோனர் சாம்பிளை நேரா கர்ப்பப்பையில செலுத்துற ஐ.யூ.ஐ. போதும்னு சொல்லிட்டாங்க. நாங்க போனது ஒரு சின்ன கிளினிக், இப்ப அது இல்ல. டாக்டர் சொன்னது மூணே விஷயம்: பையன் நல்லா படிக்கிறவன், சவுத் இண்டியன், உங்க ப்ளட் குரூப்தான். அப்புறம் ஒண்ணு சொன்னாரு, இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க, குழந்தைகிட்டயும் வேண்டாம், அதுக்குத் தெரியவே வேண்டியதில்ல. நாங்களும் தலையாட்டிட்டு வந்தோம்.

25 வருஷம் சொல்லல. ஊருக்குப் போனா அப்படியே தாத்தா மூக்கு, அப்பத்தா நெத்தின்னு கிழவிங்க சொல்லும், நான் சிரிச்சுக்கிட்டே நகர்ந்துருவேன். அவ இடது கையால எழுதுவா, எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் அப்படி யாரும் கிடையாது. யாரு மாதிரிடா நான்னு சின்ன வயசுல கேப்பா. உன்னை மாதிரின்னு சொல்லுவேன்.

2023-ல எனக்கு பிரஷர் எகிறி ஸ்கேன் எடுத்தப்ப ரெண்டு கிட்னியிலயும் கட்டி கட்டியா இருந்துச்சு. பாலிசிஸ்டிக் கிட்னி, பரம்பரையா வர்றது, அப்பா அம்மா யாருக்காச்சும் ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ்னு டாக்டர் சொன்னாரு. எங்கம்மா கை கால் வீங்கி மூச்சு முட்டி ஊர்ல செத்தது எதனாலன்னு அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. டாக்டர் என் மகளைப் பார்த்து நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது நல்லதுன்னு சொல்லிட்டாரு. அவ அன்னைக்கு ராத்திரி தூங்கல, நெட்ல டயாலிசிஸ் பத்தியே படிச்சுக்கிட்டு இருந்தா, கேக்க வந்த அம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போய் அழுதிருக்கா. வர வாய்ப்பே இல்லாத நோய்க்கு என் பிள்ளை அழுவுறா, காரணம் தெரிஞ்ச நாங்க ரெண்டு பேரும் பக்கத்து ரூம்ல படுத்திருக்கோம். மூணாவது நாள் என்னால முடியல, உக்கார வச்சு சொல்லிட்டேன்.

அவ கத்தல. ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு கேட்டா, சரிப்பா, உங்க நோய் எனக்கு வராது, அப்ப எனக்கு எது வரும்?

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இன்னைக்கு வரைக்கும் இல்ல. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் ஃபாரத்துலயே கேக்குறாங்க, வீட்டுல யாருக்காச்சும் சுகர் இருக்கா, ஹார்ட் இருக்கா, கேன்சர் இருக்கான்னு. அம்மா பக்கம் எழுதுவா, அப்பா பக்கம் கோடு போட்டுட்டு வருவா. கிளினிக் நடந்த பில்டிங்கைத் தேடிப் போனோம், அங்க இப்ப செல்போன் கடை இருக்கு. டாக்டர் தவறிட்டாராம். ரெக்கார்டு எங்கன்னு கேக்க ஆளே இல்ல.

இதுக்கெல்லாம் இப்ப சட்டம் வந்துருச்சேன்னு சிலர் சொல்லுவாங்க. வந்துச்சு, 2021-ல பார்லிமென்ட் பாஸ் பண்ணி 2022 ஜனவரி 25-ல இருந்து அமலுக்கு வந்த ஏ.ஆர்.டி. சட்டம், செயற்கைக் கருத்தரிப்புக்கான சட்டம். அதுல நல்ல விஷயங்கள் உண்டு, நான் மறுக்கல. அப்படிப் பிறந்த பிள்ளை அந்தத் தம்பதியோட சொந்தப் பிள்ளைதான், எல்லா உரிமையும் உண்டு, டோனருக்குப் பிள்ளை மேல எந்தப் பாத்தியதையும் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க, சொத்து கித்துன்னு பயப்படுறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஒரு டோனரோட சாம்பிள் ஒரு தம்பதிக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. கருமுட்டை கொடுக்குற பொண்ணுங்க வாழ்நாள்ல ஒரே தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது, அவங்களுக்கு இன்சூரன்ஸ் போடணும்னும் இருக்கு, அதுவும் நல்லது. டோனரோட பேரு, அட்ரஸ், ஆதார் நம்பர் வரைக்கும் டோனர் சாம்பிளைச் சேர்த்து வைக்கிற பேங்க் வாங்கி வைக்கணும். பத்து வருஷம் வச்சிருந்துட்டு அப்புறம் இதுக்குன்னு இருக்குற தேசியப் பதிவேட்டுக்கு, நேஷனல் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பணும்.

ஆக விவரம் எல்லாம் இருக்கு, பத்திரமாவும் இருக்கு. யாரு பார்க்கலாம்னு வாசிச்சா, அவசர வைத்தியத்துக்குன்னா அந்தத் தம்பதி கேக்கலாம், இல்லன்னா கோர்ட் ஆர்டர் வேணும். பிறந்த பிள்ளை கேக்கலாம்னு எங்கயும் இல்ல. அந்தப் பிள்ளைக்கு 30 வயசாகி அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டா, அல்லது கடைசி வரைக்கும் எங்களை மாதிரி வாயைத் திறக்காமலே இருந்துட்டா, அது யாரைப் போய்ப் பார்க்கும்? 2005-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) போட்ட கைட்லைன்ஸ்ல 18 வயசுக்கு மேல அந்தப் பிள்ளை டோனரைப் பத்தி பேரு அட்ரஸ் தவிர மத்த விவரம் கேக்கலாம்னாவது ஒரு வரி இருந்துச்சு. சட்டமா வந்தப்ப அந்த வரியைக் காணோம். எனக்கு இதுலதான் மனசு ஆறவே மாட்டேங்குது.

தத்தெடுத்த பிள்ளைங்களுக்கு இந்த நாட்டுலயே வழி இருக்கு. 18 வயசு ஆனவங்க தன்னோட பூர்வீகத்தைத் தேடணும்னா அதுக்குன்னு விதிமுறை இருக்கு, 2022 தத்தெடுப்பு விதியில ரூட் சர்ச்னே பேர் போட்டு வச்சிருக்காங்க. பெத்தவங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருந்தா அவங்க சம்மதத்தைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும், அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்த்துதான் செஞ்சிருக்காங்க. அதே மாதிரி ஒரு ஏற்பாடு டோனர் மூலமா பிறந்தவங்களுக்கு ஏன் கூடாது?

மத்த நாடுங்க இதுல எங்கயோ போயிட்டாங்க. ஸ்வீடன்ல 1985-ல இருந்தே அந்தப் பிள்ளைங்க வளர்ந்த பிறகு டோனர் யாருன்னு தெரிஞ்சுக்கலாம். பிரிட்டன்ல 2005 ஏப்ரல்ல இருந்து பேர் மறைச்சுக் கொடுக்குறது கிடையாது, அதுக்கு அப்புறம் பிறந்த பிள்ளைங்க 18 ஆகி 2023 கடைசியில இருந்து கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல நரெல் கிரெச்னு ஒரு பொண்ணு, டோனர் மூலமா பிறந்தவ, 2011-ல குடல் கேன்சர் முத்திப் போய்த்தான் தெரிஞ்சுது. அப்பா யாருன்னு வருஷக்கணக்கா போராடி, 2013-ல சாகுறதுக்குச் சில வாரம் முன்னாடிதான் அவரைப் பார்த்தா. 30 வயசு. அவ பேரைச் சொல்லியே 2017 மார்ச்சுல அங்க சட்டத்தை மாத்துனாங்க, அந்தக் காலத்துல பேர் சொல்லாம கொடுத்தவங்க விவரமும் பிள்ளைங்களுக்குக் கிடைக்கும்னு. அந்தக் கதையை என் மகள்தான் எனக்குப் படிச்சுக் காட்டுனா, பாதியில நிறுத்திட்டு தண்ணி குடிக்கப் போனா.

பேர் தெரியும்னா டோனரே கிடைக்க மாட்டாங்கன்னு டாக்டர்கள் சொல்றாங்க. பிரிட்டன்லயும் அதைத்தான் சொன்னாங்க, வெளிநாட்டுல இருந்து சாம்பிள் வரவழைக்கிறது அதிகமாச்சு, அது உண்மை, ஆனா டோனருங்க வராம ஒண்ணும் நின்னு போகல. சரி, நம்ம ஊருக்கு அது இப்போதைக்கு முடியாதுன்னே வச்சுக்குவோம். பேரு வேண்டாம், நோய் விவரமாவது கொடுங்களேன். டோனருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் டெஸ்ட் பண்றாங்க. ஆனா 21 வயசுல கொடுக்குற பையனுக்கு 45-ல ஹார்ட் அட்டாக் வருமா, அவங்கப்பாவுக்கு 50-ல குடல்ல கேன்சர் வருமான்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியாதே. பின்னாடி தெரியவந்தா அதைப் பதிஞ்சு அந்தப் பிள்ளைக்குச் சொல்ற ஏற்பாடு வேணும். 2025 மே மாசம் ஐரோப்பாவுல வெளிய வந்த விஷயம் படிச்சிருப்பீங்க, ஒரே டோனர் மூலமா எட்டு நாட்டுல குறைஞ்சது 67 பிள்ளைங்கன்னு அப்பத் தெரிஞ்சுது, அவருக்கே தெரியாம அவர் விந்தணுவுல கேன்சர் வர வைக்கிற மரபணுக் கோளாறு இருந்திருக்கு, பத்துப் பிள்ளைங்களுக்குக் கேன்சர் வந்துருச்சு. யாரு யாருக்குப் போச்சுன்னு ரெக்கார்டு இருந்ததாலதான் பல குடும்பங்களைக் கூப்பிட்டுச் சொல்ல முடிஞ்சுது. எங்களைக் கூப்பிட எந்த ரெக்கார்டும் இல்ல.

இன்னொரு பயம், இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. 97-ல மும்பையில தமிழ், தெலுங்கு, மலையாளத் தம்பதிங்க வந்தா சவுத் இண்டியன் டோனர்தான் கேப்பாங்க, நிறமும் ஜாடையும் ஒத்துப் போகணும்ல. அப்படிக் கொடுக்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க? ஒரே பையன் சாம்பிள் மாட்டுங்கா, சியான், தாராவி, செம்பூர்னு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்? கணக்கு வச்சவங்க யாரும் இல்ல. இப்ப என் மகளுக்கு வரன் பார்க்குறோம். ஒவ்வொரு பையன் போட்டோ வரும்போதும் அந்தப் பையன் எங்க பிறந்தான், எந்த வருஷம், அவங்களுக்கும் ரொம்ப நாள் கழிச்சுப் பிறந்த பிள்ளையா, அதே டோனரோட பிள்ளையா இருந்துருவானோன்னு என் மனசு கணக்குப் போடுது. ஜாதகம் பார்க்குறவங்களுக்கு இது தெரியாது.

அதனால அரசாங்கத்துக்கிட்ட நான் கேக்குறது, சட்டத்தைத் திருத்தி 18 வயசானா பிள்ளையே நேரா ரெஜிஸ்ட்ரியில கேக்கலாம்னு எழுதணும், அந்த ரெக்கார்டை எந்தக் காலத்துலயும் அழிக்கக் கூடாது. 2022-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கும் அந்தக் காலத்து டோனர்களுக்கும் விருப்பப்பட்டா பேர் பதியுற மாதிரி ஒரு பதிவேடு வேணும், ரெண்டு பக்கமும் சம்மதிச்சா டி.என்.ஏ. ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அமெரிக்காவுல 2000-லயே ஒரு அம்மாவும் மகனும் சேர்ந்து தனியாளா இப்படி ஒண்ணு ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கானவங்க சேர்ந்துட்டாங்க, ஒரு அரசாங்கத்தால முடியாதா? மறைச்சு வச்சாலும் இனி நிக்காது, வெளிநாட்டுல படிக்கப் போற பிள்ளைங்க அங்க எச்சில் வச்சு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பார்த்து, யாரும் இல்லாத ரூம்ல தனியா தெரிஞ்சுக்கிடுது.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ட்ரீட்மென்ட்ல இருக்குறவங்க, இப்ப கைக்குழந்தை வச்சிருக்குறவங்க, சின்ன வயசுலயே கதை மாதிரி சொல்லிருங்க. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியில சூசன் கோலம்பாக்னு ஒரு ஆராய்ச்சியாளரோட டீம் இந்த மாதிரி குடும்பங்களை 20 வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததுல, ஏழு வயசுக்குள்ள சொன்ன வீட்டுல அம்மாவும் பிள்ளையும் நல்லா ஒட்டுதலா இருக்காங்கன்னுதான் வந்திருக்கு. நான் சொல்லாம விட்டது அவளைக் காப்பாத்த இல்ல, என் மானத்தைக் காப்பாத்த. அதை அவகிட்டயே ஒத்துக்கிட்டேன். அவ ஆறு மாசம் என்கிட்ட சரியாப் பேசல, அதுவும் நியாயம்தான். இப்ப டயாலிசிஸ்க்கு அவதான் கூட்டிட்டுப் போறா, ரிக்‌ஷாவுல என் தோள்ல சாஞ்சு தூங்குவா.

கடைசியா, 90-கள்ல மும்பையில காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்து கைச்செலவுக்கோ உதவியாவோ சாம்பிள் கொடுத்த தம்பிங்க யாராச்சும் இதைப் படிச்சா, உங்களுக்கு இப்ப 50 வயசு ஆகியிருக்கும், உங்களால எங்க வீட்டுல ஒரு பிள்ளை சிரிச்சுது, அதுக்கு நன்றி சொல்ல எனக்கு வழியே கிடைக்கல, இங்க சொல்லிக்கிறேன். உங்க வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டோம். உங்களுக்கும் உங்க அப்பா அம்மாவுக்கும் இருக்குற நோயை ஒரு பேப்பர்ல எழுதி, எந்தக் கிளினிக், எந்த வருஷம்னு குறிச்சு வச்சிருங்க, நாளைக்கு ஒரு பதிவேடு வந்தா கொடுக்குறதுக்கு. நீங்க இடது கைப் பழக்கமான்னும் எழுதுங்க, என் மகள் கேக்கச் சொன்னா.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம்,
செம்பூர், மும்பை.